போதைக் காளான் மனநோய்க்கு மருந்தா? ஆய்வுகள் சொல்வதும் நம் வீடுகள் மறைப்பதும்

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் பள்ளியின் தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். மகன் பெங்களூரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அருகில் சென்றதும் கைபேசியை நீட்டினார்.

"ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க. பையன் அனுப்பினான். இங்கிலீஷ்ல இருக்கு. இதுல போட்டிருக்கறது உண்மைதானா?"

போதைக் காளானிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஒரே முறை கொடுத்ததில் மனச்சோர்வு நீங்கியது என்ற செய்தி அது. மகன் இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து வருகிறார். அந்த மாத்திரை உடலில் இருந்தால் காளான் வேலை செய்யாது என்று எங்கோ படித்துவிட்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். அடுத்த விடுமுறையில் நண்பர்களோடு கொடைக்கானல் போவதாகத் திட்டம்.

தந்தைக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. இது ஹராமா? இது பலிக்குமா? முதல் கேள்விக்கு நான் அவசரமாக ஒரு பதில் சொன்னேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் பதிலும் அரைகுறையானது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததை, அவருடைய சம்மதத்துடனும் அடையாளங்களை மாற்றியும், இங்கே எழுதுகிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய ஒரு சிறு நூலைப் படித்திருக்கிறேன். 1953இல் மெஸ்கலின் என்ற பொருளை உட்கொண்டு தாம் கண்ட காட்சிகளை அவர் அதில் விவரிக்கிறார். அன்று அதை இலக்கியமாகத்தான் படித்தேன். அதே வகைப் பொருள்கள் மருத்துவ இதழ்களில் இடம்பெறும் என்று நினைத்ததில்லை.

இவற்றுக்கு சைக்கெடெலிக் என்று பெயர். காளானில் உள்ள சைலோசைபின், எல்.எஸ்.டி., மெஸ்கலின் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. எம்.டி.எம்.ஏ., கெட்டமின் இரண்டும் வேறு விதமாக வேலை செய்தாலும் இதே பேச்சில் சேர்த்தே சொல்லப்படுகின்றன. எல்.எஸ்.டி.யை சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் 1938இல் உருவாக்கினார். 1943இல் தானே உட்கொண்டு பார்த்து அதன் விளைவைக் கண்டார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் மனநல மருத்துவர்கள் இதை ஆர்வத்தோடு ஆராய்ந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்க உளவுத்துறை, அறியாத மனிதர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்த கொடுமையும் நடந்தது. பிறகு இது தெருவுக்கு வந்தது. 1971இல் ஐ.நா. உடன்படிக்கை இவற்றைக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. ஆய்வுகள் ஏறக்குறைய நின்றுபோயின.

மீண்டும் கதவு திறந்தது 2006இல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேருக்கு சைலோசைபின் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தம் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்று என்றார்கள். அன்று தொடங்கிய அலைதான் இன்று பெங்களூர் வரை வந்திருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பொருந்தும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆறு மணி நேரம் வரை புலன்களும் நேர உணர்வும் 'நான்' என்ற எண்ணமும் குலைகின்றன. மனச்சோர்வு உள்ளவரின் மனம் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இந்தப் பொருள் அந்தத் தடத்தைச் சிறிது நேரம் கலைத்துவிடுகிறது, அந்த இடைவெளியில் புதிய பழக்கம் நுழைய முடிகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இது இன்னும் கருதுகோள்தான்.

பலனைப் பார்ப்போம். வேறு மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்றாவது வாரத்தில் நல்ல முன்னேற்றம். பெயரளவில் 1 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களில் அது 18 சதவீதம். பன்னிரண்டாவது வாரம் வரை அந்த முன்னேற்றம் நிலைத்தது முதல் பிரிவில் ஐந்தில் ஒருவருக்கு. தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் எல்லாப் பிரிவுகளிலும் சிலரிடம் காணப்பட்டன. மகன் அனுப்பிய செய்தியில் கடைசி இரண்டு வாக்கியங்களும் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் 59 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. காரணம், சைலோசைபினை அவர்கள் ஒப்பிட்டது எஸ்சிட்டாலோபிராம் என்ற சாதாரண மாத்திரையோடு. நம் ஊர் மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டைக் காட்டிக் குறைந்த விலைக்கு வாங்கக்கூடிய மாத்திரை அது. ஆறு வார முடிவில், முதன்மை அளவுகோலில் இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2025 ஜூனில், 258 பேரைக் கொண்ட பெரிய ஆய்வின் முடிவை காம்பஸ் நிறுவனம் வெளியிட்டது. அறுபது புள்ளிகள் கொண்ட அளவுகோலில், போலி மருந்தை விட 3.6 புள்ளி முன்னேற்றம். பலன் இருக்கிறது. ஆனால் தலைப்புச் செய்திகள் கொடுத்த எதிர்பார்ப்புக்கு இது மிகச் சிறியது. அந்நிறுவனத்தின் பங்கு விலையே அன்று கடுமையாகச் சரிந்தது.

இந்த எண்களுக்குள் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மருந்து ஆய்வு என்றால் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு போலி மருந்து என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது. சுவர் அசைந்து வண்ணங்கள் ஓடுவதைப் பார்ப்பவருக்குத் தன் கையில் வந்தது எது என்று தெரியாமலா போகும்? 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கை ஒருவரைத் தேற்றும். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்ற ஏமாற்றம் மற்றவரைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்து மருந்தின் பலனைப் பெரிதாக்கிக் காட்டும்.

எம்.டி.எம்.ஏ.வின் கதை இந்த இடத்தில்தான் முறிந்தது. போர், வன்கொடுமை போன்றவற்றால் மனம் காயப்பட்டவர்களுக்கான சிகிச்சையாக லைகோஸ் என்ற நிறுவனம் இதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் கொண்டு போனது. 2024 ஜூன் 4 அன்று வெளி நிபுணர் குழு வாக்களித்தது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 9 பேர், நிரூபிக்கப்பட்டது என்று 2 பேர். ஆபத்தை விட நன்மை அதிகம் என்பதை 10 பேர் மறுத்தார்கள். ஒருவர் மட்டும் ஏற்றார். ஆகஸ்ட் 9 அன்று நிர்வாகம் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு நடத்தச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, 2023 ஜூலை 1 முதல், ஆஸ்திரேலியா இதையும் சைலோசைபினையும் அங்கீகரிக்கப்பட்ட மனநல மருத்துவர்கள் எழுதிக்கொடுக்க அனுமதித்திருந்தது. ஒரே மருந்தைப் பற்றி இரண்டு வளர்ந்த நாடுகள் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன என்பதை, 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று காணொளியில் முழங்குபவர்கள் சொல்வதில்லை.

அந்த எம்.டி.எம்.ஏ. ஆய்வில் 104 பேர். மருந்தும் ஆலோசனையும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர், நோய் இருப்பதாகச் சொல்ல முடியாத நிலைக்கு வந்தார்கள். போலி மருந்தும் அதே ஆலோசனையும் பெற்றவர்கள்? 48 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு பயிற்சி பெற்ற மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாட்கள், மணிக்கணக்கில், குறுக்கிடாமல் கேட்டதில் ஏறக்குறைய பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். எந்த மயக்கப் பொருளும் இல்லாமல். நம் வீடுகளில் மனச்சோர்வோடு இருக்கும் பிள்ளையிடம் நாம் எத்தனை நிமிடம் கேட்டிருக்கிறோம்? 'ஈமான் குறைந்ததால் வந்தது', 'வேலை வெட்டி இல்லாததால் வந்தது' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். மிம்பரில் நின்று நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

திறந்த மனமும் அருகில் இருப்பவரும்

இந்தப் பொருள்களின் வேகத்தில் இருக்கும்போது மனிதன் சொன்னதை நம்பும் நிலையில் இருக்கிறான். பலன் வருவதும் அதனால்தான், ஆபத்து வருவதும் அதனால்தான். கனடாவில் நடந்த முந்தைய கட்ட ஆய்வு ஒன்றில், காயப்பட்ட மனதோடு வந்த ஒரு பெண்ணிடம் சிகிச்சையாளர்களே எல்லை மீறினார்கள். அந்த ஆய்வின் தரவுகள் கலந்த மூன்று கட்டுரைகளை ஒரு மருத்துவ இதழ் 2024 ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. ஆய்வுக்கூடத்தில், கண்காணிப்புக் கேமராவின் முன்னால் நடந்தது இது. பூட்டிய விடுதி அறையில் நண்பனின் நண்பன் 'வழிகாட்டி'யாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸும் நியூயார்க் பல்கலைக்கழகமும் பல சமய குருமார்கள் சுமார் முப்பது பேருக்கு சைலோசைபின் கொடுத்த ஆய்வு 2025இல் வெளியானது. பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஏறக்குறைய எல்லோரும் அதைத் தங்கள் வாழ்வின் மிக உயர்ந்த ஆன்மிக அனுபவங்களில் ஒன்று என்றார்கள். ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் ஒருவரே அதன் பணிகளில் நேரடியாகப் பங்கெடுத்தது உள்ளிட்ட விதிமீறல்களைப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு கண்டுபிடித்தது. ஏற்கனவே ஆன்மிகத்தைத் தேடுபவருக்கு, 'இது ஆன்மிக அனுபவம் தரும்' என்று சொல்லிக் கொடுத்தால் அவர் வேறு எதைக் காண்பார்? அறிவு மறைந்த நிலையில் தொழுகைகூடக் கூடாது என்று சொல்லும் மார்க்கத்தில், அறிவை மறைத்துக்கொண்டு இறைநெருக்கம் தேடுவதற்கு எனக்குத் தெரிந்து எந்த வழியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் கிடையாது.

ஃபிக்ஹு நூல்களில் இருக்கும் பதில்

நோய்க்கு மருந்து என்ற கேள்வி வேறு. அதில் நான் அன்று பள்ளியில் அவசரப்பட்டுவிட்டேன்.

மது மருந்துக்காகத்தான் தயாரிக்கிறேன் என்று தாரிக் பின் சுவைத் (ரலி) சொன்னபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மதுவைப் பற்றி அது தெளிவு. ஆனால் அறிவைப் பாதிக்கும் எல்லாப் பொருளும் மதுவா? மாலிகி மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்), ஹிஜ்ரி 684இல் மறைந்தவர், 'அல்ஃபுரூக்' என்ற நூலில் மூன்றாகப் பிரிக்கிறார். புலன்களையே முடக்கி உறங்கவைப்பது முர்கித். புலன்கள் இருக்க, களிப்பும் துணிச்சலும் தந்து அறிவை மறைப்பது முஸ்கிர். களிப்பு இல்லாமல் அறிவைக் குழப்புவது முஃப்ஸித். தண்டனை, அசுத்தம் போன்ற மதுவுக்குரிய சட்டங்கள் நடுவில் உள்ளதற்கு மட்டும்தான் என்பது அவர் கருத்து. கஞ்சா இலையை அவர் மூன்றாவதில் வைத்தார். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அதை ஏற்காமல் போதைப் பொருளாகவே கடுமையாகக் கண்டித்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் ஒவ்வொரு பொருளும் அறிவை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) இன்னும் நேரடியாகச் சொல்கிறார். அழுகிப்போன கையை வெட்டி எடுக்க வேண்டிய நிலையில், அறிவை மறைக்கும் மருந்தைக் கொடுப்பது சரியான கருத்தின்படி கூடும். இன்று அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து பெறுவதை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கெட்டமின் அப்படிப்பட்ட மயக்க மருந்துதான். அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமினை மூக்கில் தெளிக்கும் மருந்தாக, மற்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதித்தது. மருத்துவர் முன்னிலையில் மட்டும், எடுத்த பின் இரண்டு மணி நேரக் கண்காணிப்போடு. அதே கெட்டமினைக் கண்காணிப்பு இல்லாமல் எடுத்து, நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்துபோனார்.

எனவே சைலோசைபின் நாளை உறுதியான சான்றோடு, வேறு மருந்து பலிக்காத நோயாளிக்கு, நம்பகமான மருத்துவர் கையால், சட்ட அனுமதியோடு வந்தால், உலமாக்கள் அதைத் திறந்த மனதோடு பரிசீலிக்க ஃபிக்ஹில் இடம் இருக்கிறது என்பது என் புரிதல். இது ஃபத்வா அல்ல. இன்று நம் நாட்டில் அந்த நிபந்தனைகளில் எதுவும் நிறைவேறவில்லை. சோதித்துத் தீராத மருந்தை, கலப்படச் சந்தையில் வாங்கி, தானே அளவு பார்த்து விழுங்குவதை மருத்துவம் என்று எந்த மத்ஹபும் சொல்லாது.

கொடைக்கானலில் கிடைப்பது

ஆய்வில் கொடுப்பது ஆய்வகத்தில் தயாரித்த, மில்லிகிராம் கணக்கில் அளந்த பொருள். காட்டுக் காளானில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சத்து மாறும். உருவத்தில் ஒத்த விஷக் காளான்கள் ஈரலையே அழிக்கும். 2024இல் அமெரிக்காவில் 'காளான் சாக்லேட்' சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். சோதித்ததில் உள்ளே இருந்தது வேறு வகைக் காளானின் நச்சுப்பொருளும் இன்னும் சிலவும்.

சட்டத்தைப் பற்றி இளைஞர்களிடையே ஒரு தவறான பேச்சு இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையானது, அதைக் கலவைப் பொருளாகக் கருதி முழு எடையையும் கணக்கிட முடியாது என்றது. 'காளான் சட்டப்படி சரி' என்று இதைப் பரப்புகிறார்கள். சைலோசைபின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் அப்படியே இருக்கிறது. எல்.எஸ்.டி.க்கு வணிக அளவு என்று சட்டம் வைத்திருப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் குறைந்தது பத்து ஆண்டு கடுங்காவல். விசாரணை முடியும் வரை ஒரு இளைஞனின் வேலை, திருமணம், பாஸ்போர்ட் எல்லாம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை விட அவசரமான செய்தி மாத்திரையை நிறுத்துவது. சைலோசைபின் ஆய்வுகளில் பெரும்பாலும் மனச்சோர்வு மாத்திரையை வாரக் கணக்கில், மருத்துவர் மேற்பார்வையில் குறைத்துத்தான் நிறுத்துகிறார்கள். தலைப்புச் செய்தியைப் படிப்பவர் 'நிறுத்துகிறார்கள்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும், பழைய நோய் முன்பை விட வேகமாகத் திரும்பலாம். லித்தியம் எடுப்பவர்கள் இவற்றைத் தொட்டு வலிப்பு வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இன்னொன்று, ஆய்வுகளில் யாரைச் சேர்க்கவில்லை என்பது. மனச்சிதைவு நோயோ இருதுருவ நோயோ உள்ளவர்களையும், அந்த நோய் குடும்பத்தில் இருப்பவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல, பல ஆய்வுகளில் மாமா, சித்தப்பா வரை கேட்கிறார்கள். உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் நோயை இந்தப் பொருள் எழுப்பிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம்.

இதைப் படித்த மறுநாள் அந்தத் தந்தையைத் தேடிக் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, "பாய், உங்க வீட்டுப் பக்கமோ, உங்க பக்கமோ யாருக்காவது இந்த மாதிரி மனநோய் இருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் தராசை நகர்த்தி வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் பெரிய மாமா இருந்தாரு, ஹஜ்ரத். ஏர்வாடியில ரொம்ப நாள் வச்சிருந்தோம். எங்க சம்பந்தம் பேசும்போது யாருக்கும் சொல்லல. பையன்கிட்டயும் வெளியூர்ல மவுத்தாயிட்டாருன்னுதான் சொல்லியிருக்கோம். டாக்டர் கேட்டதுக்கும் குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னுட்டான். அவனுக்குத் தெரியாதே" என்றார்.

டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் அழைக்கலாம். அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கல்லாப்பெட்டியில் வைத்துவிட்டு, கடையின் ஒரு பலகையைச் சாத்தி, உள்ளே போய் மகனுக்கு போன் போட்டார்.